வாசல் கட்டம் சொன்ன பெயர்கள்

வேலங்கரட்டில் வாசல் கட்டங்கள் ஆள் பேர் சொல்ல ஆரம்பித்தது ஆடி மாதத்தில், காற்று தகரக் கூரைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில். அதற்கு முன்னால் அந்தக் கட்டங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குப்பை ஒன்றுதான். நகராட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து, மின்சார மீட்டருக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் அஞ்சலை ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஈரக் குப்பையை ஒரு பக்கமும் காய்ந்த குப்பையை ஒரு பக்கமும் கொட்டிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை அந்த ஸ்டிக்கருக்கு நேராகக் காட்டுவாள். போனுக்குள் இருக்கிற பெண்குரல் "குப்பை பெறப்பட்டது, நன்றி" என்று சொல்லும். வண்டி அடுத்த வீட்டுக்கு நகரும். குப்பை போடாத வீட்டுக்கும் அந்தக் குரல் நன்றி சொல்லித்தான் பழக்கம்.

ஊரில் யாரும் அதை க்யூஆர் கோடு என்று சொன்னதில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருந்ததால் அது கட்டம். டீக்கடையில் கட்டம், தையற்கடையில் கட்டம், மாரியம்மன் கோயில் உண்டியலில் கட்டம், கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மண்டபத்துக்கு வழி சொல்லும் கட்டம், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் ஒரு கட்டம். ஜாதகத்துக்கும் அந்த ஊரில் கட்டம் என்றே பேர் என்பதால், "கட்டம் என்ன சொல்லுது?" என்று ஒருவர் கேட்டால், எந்தக் கட்டத்தைக் கேட்கிறார் என்பதை அவர் முகத்தில் இருக்கிற கவலையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடிக்குப் பிறகு அந்தச் சிரமமும் இல்லாமல் போயிற்று.

அன்றைக்கு அஞ்சலை பட்டறைத் தெருவில் முதலாவதாகப் பாக்கியத்தின் வீட்டுக் கட்டத்துக்குப் போனைக் காட்டினாள். குரல் நன்றி சொல்லவில்லை. "பாக்கியம் இருக்கிறார்," என்றது. கொஞ்சம் நிறுத்தி, "பொன்னாத்தாள் இருக்கிறார்," என்றது. பிறகு ஓய்ந்துவிட்டது.

பொன்னாத்தாள் பாக்கியத்தின் மாமியார். தை மாதமே செத்துப்போய், எடுத்துக் காரியமெல்லாம் முடித்தாயிற்று. பாக்கியத்தின் புருஷன் ஆறுமுகமோ வாசற்படியிலேயே உட்கார்ந்து, போனில் யாரோ யாரையோ அடிக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேரைக் குரல் சொல்லவே இல்லை.

"இந்தக் கெழவி இன்னும் போகலையாக்கும்," என்றாள் பாக்கியம், காலி வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டே. "நானும் நெனச்சேன். உப்பு டப்பா தெனமும் எடம் மாறுது." பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, உங்களக் காணமாம்."

ஆறுமுகம் தலையைத் தூக்காமல் "ம்" என்றார்.

அடுத்த வீடு ருக்குமணியுடையது. அவளும் அவளுடைய மகள் தேஜாஸ்ரீயும் மட்டும் இருக்கிற வீடு; மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள், கூப்பிடுவது தேஜு என்று. அஞ்சலை போனைக் காட்டினாள். "ருக்குமணி இருக்கிறார். தேஜாஸ்ரீ இருக்கிறார்," என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றுகொண்டது. ருக்குமணி கையில் வாளியோடு இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா அஞ்சல?"

"அவ்வளவுதானுங்க்கா," என்றாள் அஞ்சலை.

வேலங்கரடு ஆச்சரியப்படுவதற்கு நேரமில்லாத ஊர். கல்லும் கள்ளியும் தவிர வேறொன்றும் விளையாத அந்தக் கரட்டடியில் ஆம்பிளைகளுக்கு ஒரே பிழைப்பு, ரிக் வண்டி என்று சொல்லப்படுகிற ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் ஏறிக்கொண்டு வடக்கே போவது. பேர் வாயில் நுழையாத ஊர்களிலெல்லாம் பூமியைத் துளைத்து, அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கே மழை பிடித்துக்கொண்டதும் வீட்டுக்குத் திரும்பி, தீபாவளி முடிந்ததும் மறுபடியும் கிளம்பிப் போவது. வருஷத்தில் பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும் மட்டுமே இருக்கிற ஊர் என்பதால், வீட்டில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று கேட்பதும் சொல்வதும் அங்கே மற்ற ஊர்களில் வெயிலைப் பற்றிப் பேசுவது மாதிரி. இப்போது அதையே ஒரு கட்டம் சொல்கிறது. சொல்லட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

நகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சர்வர் கோளாறு என்றார். பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டிவிட்டுப் புதுசு ஒட்டினார். புதுசும் அதையே சொன்னது. சந்தேகம் தீர நகராட்சி அலுவலகத்துக் கட்டத்தையே காட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்று, பிறகு உயிரையும் விட்டுவிட்ட பழைய குமாஸ்தா ஒருவரின் பேரைச் சொல்லி "இருக்கிறார்" என்ற குரல், அந்த நேரத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் பேரையும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நகராட்சி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இருக்கிறார் என்கிற சொல்தான் ஊரைக் கொஞ்ச நாள் படாத பாடு படுத்தியது. முன்பெல்லாம் "அப்பா இருக்காருங்களா?" என்று ஒருவர் கேட்டால், வீட்டில் இருக்கிறாரா என்றோ உயிரோடு இருக்கிறாரா என்றோ கேட்கிற தொனியிலேயே விளங்கிவிடும். இப்போது மூன்றாவதாக ஒரு இருத்தல் வந்து சேர்ந்துவிட்டது. செத்தும் இருக்கிறார், எதிரில் உட்கார்ந்தும் இல்லை. கொஞ்ச நாள் குழம்பிவிட்டு ஊர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. சோறு தின்கிறவர்கள் இருக்கிறவர்கள். சோறு தின்னாதவர்கள் சும்மா இருக்கிறவர்கள். "உங்க மாமனார் எப்படிங் இருக்காரு?" "சும்மா இருக்காருங்." இதில் மனவருத்தப்பட்டவர்கள், வேலை வெட்டி இல்லாமல் மாமியார் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளைகள் சிலர் மட்டுமே. அவர்களில் இரண்டு பேர் அந்த வாரமே வண்டி ஏறி வேலைக்குப் போய்விட்டார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பதற்கு முன்னால் வாசலில் போனைக் காட்டினார்கள். பெண் வீட்டாரோ, சும்மா இருக்கிறவர்கள் நிறைய இருக்கிற வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள், வந்து வாழப்போகிறவள் அத்தனை பேர் கண்ணுக்கும் பயந்து நடக்க வேண்டுமே என்று. வீட்டுத் தரகர்கள் வாடகைக்கு வருகிறவர்களை மீட்டர் பெட்டிப் பக்கமே விடாமல் கொல்லைப்புறமாகக் கூட்டிப் போனார்கள். ஜோசியர் தண்டபாணி பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டுப் புதுப் போன் ஒன்று வாங்கிக்கொண்டார். காலை வேளையில் அஞ்சலையின் வண்டி போகிற வழியெல்லாம், பட்டறைத் தெருவில் ஆரம்பித்துக் கரட்டடி முடிகிற வரைக்கும், அந்தப் பெண்குரல் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் பேர்களைச் சொல்லிக்கொண்டே போகும். மாரப்பன் இருக்கிறார், செல்லாயி இருக்கிறார், குருசாமி இருக்கிறார், குருசாமியின் தம்பி இருக்கிறார், பேர் வைக்காத குழந்தை இருக்கிறது. பெண்கள் பல் துலக்கிக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேர் வைக்காத குழந்தையின் வீட்டில் மட்டும் அந்த நேரத்துக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்கள்.

ஊரில் அழுகை நின்றுபோனதுதான் பெரிய மாற்றம். யாராவது செத்துப்போனால் எடுத்துவிட்டு வந்து, குளித்த ஈரத்துணியோடு வாசலில் நின்று கட்டத்தைக் காட்டுவார்கள். பேர் வரும். "அதான் இருக்காரே, அப்பறம் எதுக்கு அழுகறே?" என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் அதட்டுவார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி சொல்கிற பெண்கள், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, தலையை முடிந்துகொண்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போவார்கள். செத்தவர்களை இல்லை என்று சொல்வது மரியாதைக்குறைவு என்று ஆகிவிட்டது. தொண்டையில் நின்றுபோன அழுகை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் வேலங்கரட்டில் நிறையப் பேருக்குச் சளியும் நெஞ்சுக் கட்டுமாக இருந்தது.

வடக்கே போய் இன்னும் திரும்பாதவர்களின் பேரைக் கட்டம் சொல்லவில்லை. அவர்கள் உயிரோடு வேறு ஊரில் இருக்கிறார்கள், வீட்டில் இல்லை, அவ்வளவுதான். இது யாருக்கும் விசேஷமாகப் படவில்லை, தெருக்கோடி மாணிக்கத்தின் பேர் வருகிற வரைக்கும். அந்தப் பக்கம் மழை தள்ளிப்போனதால் மாணிக்கத்தின் வண்டி இன்னும் ஊர் திரும்பாமல் இருந்தது. ஒரு காலையில் அஞ்சலையின் போன், "மாணிக்கம் இருக்கிறார்," என்றது. அவன் பெண்டாட்டி வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். திடீரென்று வந்து நிற்கிற பழக்கம் உள்ளவன்தான். கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் சிரித்துக்கொண்டே தேடினாள், கறி எடுத்துவர ஆள் அனுப்பினாள், சேலை மாற்றிக்கொண்டாள். குழம்பு கொதிக்கிறபோது வண்டி முதலாளியிடமிருந்து போன் வந்தது. வண்டியில் காற்றை அழுத்திக் கொடுக்கிற கம்பரசர் வெடித்ததில் மாணிக்கம் அங்கேயே முடிந்துபோயிருந்தான். தூரத்தில் இருக்கிறவன் பேரைக் கட்டம் சொன்னால் என்ன அர்த்தம் என்பது அன்றைக்குத் தெருவுக்குப் புரிந்தது. எல்லோரும் முதலில் திரும்பிப் பார்த்தது ருக்குமணியின் வீட்டைத்தான்.

ருக்குமணியின் புருஷன் செங்கோட்டுவேல் ரிக் வண்டியில் துளை போடுகிற வேலைக்காரர். தீபாவளி முடிந்து போனவர். தை வரைக்கும் தினமும் பேசினார், மாசியில் அவர் போன் அணைந்துபோயிற்று. ஆனியில் வண்டியும் மற்ற ஆட்களும் ஊருக்குத் திரும்பினார்கள், அவர் இல்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ரோட்டோரக் கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, தேடாத இடமில்லை, அந்த ஊர்ப் போலீஸிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்றார்கள். ருக்குமணி அவர்கள் ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்து, அந்தக் கடை எப்படி இருக்கும், ரோடு எந்தப் பக்கம் திரும்பும், கடைக்கு எதிரில் என்ன இருக்கும் என்று கேட்டுக்கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

புருஷன் இன்னும் ஊர் திரும்பாத மற்றப் பெண்களெல்லாம் அவன் வீட்டுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பேர் வராத வரைக்கும் எங்கேயோ உயிரோடு இருக்கிறார். காலையில் பேட்டரி வண்டியின் பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அஞ்சலை போனைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். "ருக்குமணி இருக்கிறார். தேஜாஸ்ரீ இருக்கிறார்." பிறகு அந்த நிசப்தம். அந்த நிசப்தத்துக்காகவே அவள் இருபத்துநாலு மணி நேரமும் காத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க்கா, வரல," என்பாள் அஞ்சலை. ருக்குமணி சிரித்துவிட்டு உள்ளே போவாள். புருஷன் வரவில்லை என்பதற்காகச் சிரிக்கிற பெண்ணைப் பார்க்கப் பாக்கியத்துக்கு நெஞ்சு எரியும்.

முதலில் அது வெறும் நினைப்பாகத்தான் இருந்தது. பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறபோது, ருக்குமணி மனசுக்குள் அந்த ரோட்டில் கொஞ்ச தூரம் நடப்பாள். ஆட்கள் சொன்னபடியே வலது கைப்பக்கம் பேர் தெரியாத உயரமான மரங்கள். ரோடு திரும்புகிற இடத்தில் உடைந்த பாலம். பால் பொங்கி வழிந்ததும் திரும்பி வந்துவிடுவாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்ச தூரம். துணி துவைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் போனாள். பாலத்தைத் தாண்டினாள். தலையில் முக்காடு போட்ட பெண்கள் எதிரே வந்து, வழி விட்டு, அவளுக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தபோது பாதத்தில் மஞ்சள் நிறமாகப் புழுதி ஒட்டியிருந்தது. வேலங்கரட்டு மண் சிவப்பு. அவள் குழாயைத் திறந்து காலைக் கழுவிவிட்டு, இன்றைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டாள்.

அவளுக்கு அதில் பயமே இல்லை. எட்டிவிடுகிற தூரத்தில் ஒருவர் இருக்கிறபோது என்ன பயம்?

தேஜுவுக்குத்தான் இருந்தது. அம்மா தலை வாரிவிடுவாள், பாதிச் சடையில் கை நின்றுவிடும். "அம்மா," என்றால் "ம்" என்று பதில் வரும், கை நகராது. குழம்பில் இரண்டு தடவை உப்பு விழும், அல்லது விழவே விழாது. கொஞ்ச நாளில் தேஜு தானே சடை போடக் கற்றுக்கொண்டாள், கோணலாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தாள். பொய் சொல்கிறோமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆவணி முடிகிற சமயத்தில் ஒரு காலை, அஞ்சலை வழக்கம்போல வந்து நின்றாள். ருக்குமணி வாளியை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். "தேஜாஸ்ரீ இருக்கிறார்," என்றது குரல். அதோடு சரி.

அஞ்சலை மறுபடியும் காட்டினாள். போனைத் துடைத்துவிட்டுக் காட்டினாள். "தேஜாஸ்ரீ இருக்கிறார்."

"ஏனுங்க்கா," என்றாள் அஞ்சலை, வாளியை வாங்காமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்து. "நீங்க எங்கீங்க்கா இருக்கறீங்க?"

"இங்கதான இருக்கறேன்," என்றாள் ருக்குமணி. அவர் பேர் வரவில்லை என்கிற நிம்மதியில், தன் பேர் வராதது அவள் காதில் விழவே இல்லை.

தெருவின் காதில் விழுந்தது. ஊரில் ஆறுமுகம் மாதிரிப் பேர் வராத ஆம்பிளைகள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முன்னாலும் அவர்கள் அப்படித்தான். வீட்டுக்குப் பெரியவளே இல்லாமல் ஒரு குழந்தை பேர் மட்டும் தனியாக வருவது இதுதான் முதல் தடவை. அண்டை அயலார் மெல்ல மெல்ல அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். ருக்குமணியைத் தாண்டிப் பார்த்துத் தேஜுவிடம் பேசினார்கள். மளிகைக்கடைக்காரர் ருக்குமணி கேட்ட சாமானைக் கட்டி, பக்கத்தில் நின்ற தேஜுவின் கையில் கொடுத்தார். தெருப் பெண்கள் "புள்ள பாவம், தனியா இருக்குது" என்று சொல்லி, ஆளுக்கொரு வேளை சோறு கொண்டுவந்து, ருக்குமணி நின்றுகொண்டிருக்கிற அதே வாசலில் அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பாக்கியம் ஒருத்திதான் நேரே வந்தாள். ருக்குமணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மிணி, இங்க பாரு. எங்க போயிட்டு எங்க வர்றே நீயி?"

"அக்கா, கடை தெரியுதுங்க்கா," என்றாள் ருக்குமணி. அவள் முகம் அப்படி மலர்ந்திருந்து பல மாதம் ஆகியிருந்தது. "தகரம் போட்ட கடை. பலகைல கட்டம் ஒட்டியிருக்குது, நம்மூர்ல மாதிரியே. யாரோ போனக் காட்டுனா அந்த ஊர் பாஷைல ஒரு பொம்பள பேசுது. இன்னுஞ் சித்த தூரந்தான். நாளைக்கோ நாளானிக்கோ போய்ச் சேந்திருவேன்."

"போய்?"

"பாத்தர்றேன்ங்க்கா. ஒரே ஒருக்கா மொகத்தப் பாத்தர்றேன். இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சு போயிரும்ல?"

பாக்கியம் அவள் காலைப் பார்த்தாள். கெண்டைக்கால் வரைக்கும் மஞ்சள் புழுதி ஏறியிருந்தது. கூடத்தில் தேஜு அப்பனும் ஆத்தாளும் இல்லாத பிள்ளை மாதிரித் தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அடிப்பாவி," என்றாள் பாக்கியம், வேறென்ன சொல்வதென்று தெரியாமல். "திரும்பி வாரதுக்கு வழி தெரியுமா உனக்கு?"

அதை ருக்குமணி யோசித்திருக்கவில்லை.

புரட்டாசியின் முதல் சனிக்கிழமை காலை, அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, மாவை ஊற்றி, வட்டமாக இழுத்துவிட்டாள். இழுத்த கை நிற்பதற்குள் ரோட்டில் இருந்தாள். மரங்கள் போயின, பாலம் போயிற்று, கடை வந்தது. தகரக் கூரையின் நிழலில் ஒரு மர பெஞ்சு. பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு செங்கோட்டுவேல் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, காலரில் கிரீஸ் கறை, கழுத்தின் பின்பக்கம் வெயில்பட்டுக் கறுத்திருந்தது. கையில் டீ கிளாஸ் இருந்தது. அதிலிருந்து ஆவி வரவில்லை. கடையில் வேறு யாருமே இல்லை. ஒரு ஈ கூட இல்லை. இன்னும் நாலு எட்டு வைத்து அந்தப் பக்கம் போனால் முகம் தெரிந்துவிடும். முதல் எட்டை வைத்தாள்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, வெகு தூரத்திலிருந்து, அவளுக்குப் புரிகிற பாஷையில் அந்தப் பெண்குரல் கேட்டது. "தேஜாஸ்ரீ இருக்கிறார்."

நின்றாள். மறுபடியும் கேட்டது. "தேஜாஸ்ரீ இருக்கிறார்." அதற்கப்புறம் ஒரு சின்னக் குரல்: "அம்மா?" போனிடம் கெஞ்சுகிற குரல். "அம்மா இருக்குதுன்னு சொல்லு. ஒரே ஒருக்காச் சொல்லு." மறுபடியும் பெண்குரல். "தேஜாஸ்ரீ இருக்கிறார்." மறுபடியும் சின்னக் குரல், இந்தத் தடவை வார்த்தை இல்லாமல்.

ருக்குமணி புருஷனின் முதுகைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்விக்குப் பதில் அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் இருந்தது. உயிரோடு இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அங்கே போய்விட்டால், அந்த முகத்தைப் பார்த்துவிட்டால், பிறகு தன்னால் அங்கிருந்து நகர முடியாது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறாள். ஊரே சொல்லியும் காதில் விழாதது இப்போதுதான் விழுந்தது. அவளுக்குத் தன்மேல் அப்படியொரு வெறுப்பு வந்தது. அவள் திரும்பினாள். கடையை, பாலத்தை, மரங்களைக் கடந்து, மூச்சிரைக்க, ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்காமல் ஓடி வந்தாள்.

தோசை கரிந்து சமையலறை முழுக்கப் புகை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். தேஜு அம்மாவின் போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் கட்டத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றாள்; கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. ருக்குமணி அவளுக்குப் பின்னால் போய் மண்டி போட்டு, தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தேஜாஸ்ரீ இருக்கிறார்," என்றது குரல். "ருக்குமணி இருக்கிறார்."

தேஜு கத்திக்கொண்டு திரும்பி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ருக்குமணி அவள் கோணல் சடையில் முத்தமிட்டாள், நெற்றியில் முத்தமிட்டாள், இனி எங்கயும் போகமாட்டேன் சாமி, எங்கயும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் இன்னும் முடித்திருக்கவில்லை. கொஞ்சம் நிறுத்திவிட்டு, அதே ஏற்றமில்லாத இறக்கமில்லாத தொனியில் சொன்னது: "செங்கோட்டுவேல் இருக்கிறார்."

"அப்பா!" என்றாள் தேஜு. "அம்மா, அப்பா வந்துட்டாரு!" அம்மாவின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். கூடத்தில், சமையலறைப் புகைக்குள், கொல்லையில், அப்பா அப்பா என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ருக்குமணி மண்டி போட்ட இடத்திலேயே இருந்தாள். வழி தெரியாமல் இத்தனை மாதம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு, அவளே போய், ஓடி வந்து, வழி காட்டிவிட்டாள்.

தெருவில் கதவுகள் திறந்தன. குரல் எல்லார் காதிலும் விழுந்திருந்தது. பாக்கியம் படியிறங்கி வந்தாள்; கண் கலங்கியிருந்தும், ஊரில் சொல்கிற மாதிரியே சொன்னாள். "அழுகாத அம்மிணி. அதான் வந்துட்டாரே. இனி எங்கயும் போகமாட்டாரு, உங்கூடவே சும்மா இருப்பாரு."

"வேண்டாங்க்கா," என்றாள் ருக்குமணி. "அப்படிச் சொல்லாதீங்க."

தேஜு திரும்பி வந்தாள். "எங்கேம்மா? காணமே. இருக்காருன்னு சொல்லுதே?"

ருக்குமணி அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் ஆடியிலிருந்து யாரும் சொல்லாத சொல் அவள் வாயிலிருந்து வந்தது. "அப்பா இல்ல கண்ணு."

"போன்ல—"

"அப்பா செத்துப்போயிட்டாரு சாமி. இனி நம்மளத் தூக்க மாட்டாரு, நம்மகூடப் பேச மாட்டாரு. இல்ல."

தேஜு போனைத் தூக்கி மறுபடியும் கட்டத்துக்குக் காட்டினாள். "செங்கோட்டுவேல் இருக்கிறார்," என்றது குரல். அவள் போனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவின் மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். ருக்குமணியும் அழுதாள். தெருவே கேட்கும்படி, மாரில் அடித்துக்கொண்டு, அவர் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அதட்ட வாயெடுத்த பாக்கியம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டாள். எதிர் வீட்டில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது.

உள்ளே, ஆளில்லாத கூடத்தில், மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஊர் திரும்பியதும் செங்கோட்டுவேல் முதலில் போடுவது அதைத்தான். தாயும் மகளும் எழுந்து போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, அவருக்குக் கேட்கட்டும் என்று, அழுது தீர்த்தார்கள்.